சூடு என்று நினைத்தோம்

இதை எழுதுகிற நேரத்தில் என் மகள் ஈஸ்வரியின் கழுத்தில் குழாய் இன்னும் இருக்கிறது. அதன் முனையில் இரண்டு மூடிகள், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். டயாலிசிஸ் நிறுத்தி ஆறு நாளாகிறது. குழாயை எடுக்க டாக்டர் இன்னும் சம்மதிக்கவில்லை. "இருக்கட்டும் ஐயா, எதுக்கும்" என்கிறார். அந்த "எதுக்கும்" எங்களைத் தூங்க விடுவதில்லை. குணமான பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். முழுக்கக் குணமாகுமா என்று யாரும் உறுதியாகச் சொல்லாததால் இப்போதே எழுதிவிடுகிறேன். வீட்டில் நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் இருந்தால் படியுங்கள்.

நான் புள்ளியியல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு பிடித்து, அதற்குள் விளைந்த நெல்லை அறுத்து நிறுத்து, அந்த எடையை வைத்து வட்டாரத்தின் விளைச்சலைச் சொல்வது எங்கள் வேலை. எண்ணாமல் இருக்க எனக்கு வராது. ஈஸ்வரி தல்லாகுளத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். முப்பத்தைந்து வயது. கணவர் சரவணனும் அவளும் வண்டியூரில் எங்கள் வீட்டு மாடியிலேயே குடியிருக்கிறார்கள். உடம்பு குறைக்கவென்று தெப்பக்குளத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தாள். கரைச் சுவரில் உட்கார்ந்து சுற்றுகளை எண்ணியவன் நான். பத்துக் கிலோமீட்டர் நாற்பத்திரண்டாகி, நாற்பத்திரண்டு நூறானது.

உலகத்தில் எங்கெங்கோ நடக்கும் ஓட்டங்களைப் போனில் காட்டுவாள். ஐம்பது டிகிரி வெயிலில், உருகுகிற தார்ச்சாலையில், இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுவது ஒன்று. லடாக்கில் மூச்சுக் கிடைக்காத கணவாய்களைத் தாண்டுவது ஒன்று. வெளிநாட்டு நகரம் ஒன்றில் ஒரே நான்கு தெருவை ஐம்பது நாள் சுற்றிச் சுற்றி ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறவர்களும் உண்டாம்.

"கிறுக்குப் பிடிச்சவங்களா இருப்பாங்க" என்றாள் என் மனைவி சரோஜா.

"ஆமாம்மா. நானுந்தான்" என்று சிரித்தாள் ஈஸ்வரி.

அவற்றில் கொடியது தூரமே குறிக்காத ஓட்டம் என்பது என் அபிப்பிராயம். ஆறு கிலோமீட்டர் எழுநூறு மீட்டர் ஒரு சுற்று. மணிக்கு ஒரு தடவை மணி அடிப்பார்கள். அடித்ததும் எல்லோரும் கிளம்ப வேண்டும். ஐம்பது நிமிடத்தில் சுற்றை முடித்தால் பத்து நிமிடம் உட்காரலாம், சாப்பிடலாம், காலை நீட்டலாம். அடுத்த மணிக்குக் கோட்டில் நிற்காதவர் வெளியே. ஒரே ஒரு ஆள் மிஞ்சும் வரை ஓட்டம் முடியாது. அது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அழகர்கோவில் பக்கம் ஒரு மாந்தோப்பையும் கண்மாய்க்கரையையும் சுற்றி, பங்குனி வெயிலில் அப்படி ஒன்றை நடத்தினார்கள். சனிக்கிழமை விடிகாலையில் முப்பத்தொரு பேர் கிளம்பினார்கள். ஈஸ்வரி ஞாயிற்றுக்கிழமை காலை வரை இருபத்தெட்டுச் சுற்று ஓடினாள். இருபத்தொன்பதாவது மணி அடித்தபோது நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. மூன்றாவது இடம். இருபதாவது சுற்றில் கால் வலி தாங்காமல், அதிலிருந்து மூன்று வலி மாத்திரை போட்டிருக்கிறாள். அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்து கழிவறைக்குப் போனவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அம்மா, ஒண்ணுக்கு ஒரு மாதிரி கருப்பாப் போகுது."

"கருப்புன்னா?"

"கடுங்காப்பி மாதிரி."

"சூடு" என்றாள் சரோஜா. "இந்த வெயில்ல ஒரு பகலு ஒரு ராத்திரி ஓடுனா சூடு பிடிக்காம, குளுகுளுன்னா இருக்கும்? விளக்கெண்ணெய் எடுத்தாரேன், தொப்புள்ல வையி."

நானும் சூடு என்றுதான் நினைத்தேன். எங்கள் ஊரில் கண் சிவந்தாலும் சூடு, வாயில் புண் வந்தாலும் சூடு, சிறுநீர் கடுத்தாலும் சூடு. அந்த ஒரு சொல் வந்துவிட்டால் மேற்கொண்டு யாரும் யோசிப்பதில்லை. வைத்தியமும் எல்லார் வீட்டிலும் ஒன்றே, இளநீர்.

அந்த வைத்தியத்தை ஜாகிர் குலையாகவே கொண்டுவந்தார். அவர் நகருக்குள் செருப்புக் கடை வைத்திருப்பவர், ஈஸ்வரியோடு தெப்பக்குளத்தில் ஓடுகிறவர். மாந்தோப்பில் பன்னிரண்டாவது சுற்றோடு வெளியேறி, மிச்ச நேரமெல்லாம் அவளுக்கு நன்னாரி சர்பத் கலக்கிக் கொடுத்து நின்றவர். நிறத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"நம்ம நன்னாரி கலருதான் ஐயா இறங்குது. இந்தா தங்கச்சி, இளநி. ரெண்டு நாளைக்கு வேற ஒண்ணும் தொடாத, இதையே குடி. சூடு ஓடியே போயிரும்."

ஞாயிறு மூன்று, திங்கள் ஆறு. நான்தான் சீவிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை அவள் தொடைகள் பலகைபோல் இறுகிவிட்டன. படி ஏற முடியாமல் கீழேயே எங்கள் அறையில் படுத்தாள். வாந்தி எடுத்தாள். மாலையில் சிறுநீர் ஒரு டம்ளர்கூட வரவில்லை. "நீர்ச்சுருக்கு. இன்னும் ரெண்டு சீவுங்க" என்றாள் சரோஜா. செவ்வாய்க்கிழமை காலை ஈஸ்வரி என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "விட்டு விட்டு அடிக்குதுப்பா." எண்ணிப் பார்த்தேன். நான்கு துடிப்பு, பிறகு ஒன்று இல்லை. மறுபடி இரண்டு, பிறகு ஒன்று இல்லை.

சரவணன் காரை எடுத்தார். காளவாசல் சிக்னலில் நின்ற நேரத்தில் அவர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். பார்க்காததுபோல் இருந்தேன்.

அவசரப் பிரிவில் நெஞ்சில் வயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஒரு நர்ஸ் அந்தக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு ஓடினாள். மருத்துவமனையில் நர்ஸ் ஓடினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சிறுநீரக டாக்டர் வந்தார். நாற்பது வயதுப் பெண், அதட்டாமல் வேகமாகப் பேசுகிறவர்.

"வீட்டுல என்ன குடுத்தீங்க?"

"மருந்து ஒண்ணும் குடுக்கல டாக்டர். இளநீர்தான்."

"எத்தனை?"

"ஒன்பது."

பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஒன்பதா?"

"முந்தாநாள் மூணு, நேத்து ஆறு."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். அளவுக்கு மீறி உழைத்தால் தசை உடையும். உடைந்த தசைக்குள் இருக்கும் செந்நிறப் புரதம் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். உடம்பில் நீரும் வற்றி, வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் வேலையை நிறுத்திவிடும். தசை உடைந்ததைக் காட்ட சி.கே. என்று ஒரு பரிசோதனை. இருநூறை ஒட்டி இருக்க வேண்டியது அவளுக்கு லட்சத்தைத் தாண்டியிருந்தது. கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றாமல் விட்ட கழிவின் அளவு; ஒன்றுக்குள் இருக்க வேண்டியது ஆறே முக்கால். பொட்டாசியம் என்ற உப்பு ஐந்தைத் தாண்டக் கூடாது, அவளுக்கு ஏழு. தசையிலிருந்து வந்த பொட்டாசியமே அதிகம். இளநீர் முழுக்கப் பொட்டாசியம். நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். நின்றுபோன சிறுநீரகம் தள்ளாது. அந்த அளவு ஏழுக்கு மேல் போனால் இருதயம் நின்றுவிடலாம்.

"அப்ப சூடு இல்லைங்களா டாக்டர்?" என்று கேட்டாள் சரோஜா.

"சூடு இல்லம்மா. அது அவங்க சதை. சதை கரைஞ்சுதான் கருப்பாப் போயிருக்கு."

சரோஜா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மணி நேரத்துக்குள் கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் தொடங்கினார்கள். ஒரு பக்கம் ரத்தம் வெளியே வந்து, இயந்திரத்தில் சுத்தமாகி, மறுபக்கம் உள்ளே போகிறது. நான்கு மணி நேரம். பொட்டாசியம் ஐந்தரைக்கு இறங்கியது. மறுநாள் ஆறுக்கு ஏறியது. மறுபடி டயாலிசிஸ். சிறுநீர்ப்பைக்குள் ஒரு குழாய் விட்டு, அதன் முனையில் கோடு போட்ட பையைக் கட்டிலில் தொங்கவிட்டிருந்தார்கள். மணிக்கு ஒரு தடவை நர்ஸ் குனிந்து அளவு பார்ப்பாள். முதல் நாள் முழுக்க அறுபது மில்லி. இரண்டாம் நாள் முப்பத்தைந்து. மூன்றாம் நாள் இருபது. ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் வர வேண்டும்.

ஒரு துண்டு வயலை வைத்து வட்டாரத்தின் விளைச்சலைச் சொன்னவன் நான். அந்த இருபது மில்லியை வைத்து என்ன முடிவுக்கு வரலாம் என்று காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து யோசித்தேன். வேறு வேலை இல்லை. பதினான்கு நாற்காலிகளில் இரண்டு உடைந்தவை. எந்நேரமும் டிவி சத்தம். ஒரு அம்மாள் தன் போனில் பக்திப் பாட்டைக் குறைக்கவே மாட்டாள். செக்யூரிட்டி எங்களில் யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எல்லோரும் எழுந்து நிற்போம்.

டயாலிசிஸ் அறையில் வழக்கமாக வரும் நோயாளிகளும் உண்டு. அவர்களில் ஓர் ஆட்டோ ஓட்டுநரிடம் சரோஜா கேட்டாள்: "எம்புட்டு நாளாப்பா வர்ற?"

"ஆறு வருசம்மா. வாரத்துக்கு மூணு."

அவர் அதைப் பேருந்து நேரம் சொல்வதுபோல் சொன்னார். வெளியே வந்து சரோஜா என் சட்டைக் கையைப் பிடித்தாள். "நம்ம புள்ளைக்கும் அப்படி ஆயிருமாங்க?" டாக்டரிடம் கேட்டோம். "பெரும்பாலும் திரும்பி வரும். ரெண்டு வாரம் ஆகலாம், ஆறு வாரம் ஆகலாம். சிலருக்கு வராது. இப்பவே சொல்ல முடியாது ஐயா." பெரும்பாலும் என்றால் நூறுக்கு எத்தனை என்று கேட்டேன். "உங்க பொண்ணு நூறு பேரு இல்லையே ஐயா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இளநீரோடு வந்தார்கள். இளநீர் இல்லாவிட்டால் சாத்துக்குடி, சாத்துக்குடி இல்லாவிட்டால் வாழைப்பழம். மூன்றிலும் பொட்டாசியம். நான் ஐ.சி.யூ. வாசலில் காவல் இருந்தேன். மேலூரில் இருக்கும் என் அக்கா இரண்டு பஸ் மாறி, கூடையில் நான்கு இளநீரோடு வந்தாள்.

"அக்கா, அதெல்லாம் உள்ள போகாது."

"ஏண்டா? கடைத் தண்ணியாடா? நம்ம கெணத்து மேட்டு மரம்."

"டாக்டர் கூடாதுன்னுட்டாங்க. அது இப்ப அவளுக்கு விசம்."

"இளநி விசமா? படிச்சவன் பேசுற பேச்சாடா இது? ஒரு வாயி குடுத்தா நாக்காவது நனையும்ல."

"அந்தத் தண்ணிக்கும் கணக்கு இருக்குக்கா."

"ஆமா, நீ பெரிய கணக்குப்புள்ள! பெத்த புள்ளைக்குத் தண்ணிக்குமாடா கணக்கு?" என்று அழுதுகொண்டே கூடையை என் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். செக்யூரிட்டிகள் அவற்றைக் குடித்தார்கள்.

ஜாகிர் தினமும் வந்தார். மாடிக்கு வரமாட்டார், வண்டி நிறுத்துமிடத்திலேயே நிற்பார். ஐந்தாம் நாள் சரவணன் அவரைப் பார்த்துவிட்டார். பேசாத மனிதர். அன்று பேசினார்.

"நீங்கதாண்ணே கூட்டிட்டுப் போனீங்க. நீங்கதாண்ணே சர்பத் கலரு, பயப்படாதன்னீங்க."

"ஆமா மாப்ள" என்றார் ஜாகிர்.

"அந்த இருவதாவது சுத்துலயே பிடிச்சு உக்கார வச்சிருந்தா?"

"உக்காருன்னேன் மாப்ள. தங்கச்சி கேக்கல. கேக்கலன்னாலும் நான் விட்டுருக்கக் கூடாது. அல்லா மேல ஆணையா, எனக்கு அந்தக் கருப்பு என்னன்னு தெரியாது. என் கிட்னி பொருந்துமான்னு பாக்கச் சொல்லுங்க. சும்மா சொல்லல."

சரவணன் கையிலிருந்த கார் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டார். இருவரும் எதிர்க்கடைக்குப் போனார்கள். காப்பீட்டு அட்டையை வைத்துக்கொண்டு கவுண்டருக்கும் மாடிக்கும் அலைந்ததும் சரவணன்தான். எதற்கு அனுமதி வந்தது, எதற்கு வரவில்லை என்று என்னிடம் சொல்லவில்லை. ஒருநாள் அவர் கழுத்தில் சங்கிலி இல்லை. நானும் கேட்கவில்லை.

எல்லாவற்றையும்விட மோசம் தாகம். நேற்று எவ்வளவு சிறுநீர் வெளியே வந்ததோ, அதோடு ஐந்நூறு மில்லி. அவ்வளவுதான் இன்று உள்ளே போகலாம். மாத்திரைக்கு, கஞ்சிக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து. மீறினால் நீர் நுரையீரலில் ஏறிவிடும். ஆறாம் நாள் பிற்பகல் பார்வை நேரத்தில் நான் உள்ளே போனேன். உதடு வெடித்திருந்தது. முகம் வீங்கி, கண்கள் சின்னதாகத் தெரிந்தன.

"அப்பா, ஒரு மடக்குத் தண்ணி."

"நாலு மணிக்குத் தருவாங்க தாயி."

"ஒரே ஒரு மடக்குப்பா. கணக்குல சேக்காமக் குடுங்க."

பக்கத்து மேசையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. நர்ஸ் திரும்பி நின்றிருந்தாள். நான் பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திறந்து, பஞ்சை நனைத்துப் பிழிந்து, அவள் உதட்டில் வைத்தேன். அதை அவள் பல்லால் பிடித்து உறிஞ்சினாள். நான் இழுத்தேன். விடவில்லை. முப்பத்தைந்து வயது மகளின் வாயிலிருந்து ஈரப்பஞ்சைப் பிடுங்கினேன்.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே, "அங்க மணி அடிச்சாங்கப்பா" என்றாள். "எம்புட்டு வலிச்சாலும் மணி அடிச்சா எந்திரிச்சிருவேன். வேண்டாம்னா உக்காந்துக்கலாம். இங்க உக்காரவும் முடியல, எந்திரிக்கவும் முடியல."

அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்தில் ஆறு விரல்களில் நகம் கறுத்திருந்தது. நேரம் முடிந்தது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அதன்பின் நடந்ததை விவரிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். சி.கே. மளமளவென்று இறங்கியது. தொடை இளகியது. சிறுநீர் மட்டும் வரவில்லை. பதினைந்து மில்லி, இருபத்தைந்து, மறுபடி பதினைந்து. ஒன்பதாம் நாள், உயிருக்கு இப்போது ஆபத்தில்லை என்று வார்டுக்கு மாற்றினார்கள். அதிக நாள் வைத்தால் கிருமி தொற்றும் என்று சிறுநீர்க் குழாயையும் எடுத்துவிட்டார்கள். பை போய்விட்டது. இனி அவளாகப் போனால், கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையில் பிடித்து அளந்து நர்ஸிடம் சொல்ல வேண்டும்.

சரோஜா வீட்டிலிருந்து வேளைக்குச் சோறு கொண்டுவந்தாள். காய்கறியை நறுக்கி வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேறு தண்ணீரில் வேக வைத்துச் சமைப்பாள். பொட்டாசியம் தண்ணீரோடு போய்விடுமாம். ருசியும் போய்விடும். ஈஸ்வரி அதையும் தின்றாள். ஒரு நாள் முழுக்க ஒரு சொட்டும் வரவில்லை. பதினோராம் நாள் காலையில் வந்த டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரமும் இப்படியே இருந்தா, ரொம்ப நாளைக்கு இருக்கிற மாதிரி வேற குழாய் மாத்தணும்" என்றார். அவர் போனதும் ஈஸ்வரி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். எனக்கு அந்த ஆட்டோ ஓட்டுநரின் முகம் நினைவுக்கு வந்தது.

அன்று பிற்பகல் அவள் எழுந்து உட்கார்ந்தாள். "அம்மா, வர்ற மாதிரி இருக்கு."

சரோஜா குவளையோடு அவளைக் கழிவறைக்குள் கூட்டிப்போனாள். நான் கதவருகே நின்றேன். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். உள்ளே சத்தமே இல்லை.

"அப்பா, அங்கயா நிக்கிறீங்க?"

"ஆமா தாயி."

"நீங்க நின்னு எண்ணிக்கிட்டு இருந்தா எனக்கு வராதுப்பா. கீழ போயி டீ குடிங்க."

மூன்று மாடி இறங்கினேன். டீ வாங்கினேன். குடிக்கவில்லை. எதிரே ஒருவன் இளநீர் சீவிக்கொண்டிருந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போன் அடித்தது. சரோஜா. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"ஏங்க, வந்துருச்சுங்க! நிக்காம வந்துச்சுங்க!"

"எம்புட்டு?"

அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"எம்புட்டு சரோஜா?"

"அளக்கலங்க. வந்துருச்சுங்கிற சந்தோசத்துல அப்படியே கொட்டித் தண்ணிய ஊத்திட்டேன்."

டீயைக் கீழே வைத்துவிட்டு மாடி ஏறினேன். லிஃப்ட்டுக்கு நிற்கவில்லை. வார்டு வாசலில் நர்ஸ் அட்டவணையோடு நின்றிருந்தாள். செய்தி அவளுக்கும் போயிருந்தது. சிரித்தபடி, "எவ்வளவு ஐயா போடட்டும்?" என்றாள்.

"நிறைய" என்றேன்.

"நிறையன்னு எப்படி ஐயா எழுத? நம்பர் வேணுமே."

எனக்கு மூச்சு வாங்கியது. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே என் மகள் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

"அடுத்த தடவ அளந்து சொல்றேம்மா" என்றேன். அடுத்த தடவை என்று என் வாயில் வந்தது எனக்கே கேட்டது.